தூக்கத்தில் தின்கிறவள்

பாட்டில் தொழிற்சாலையின் கேன்டீனில் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்டாவுக்குப் பின்னால் அவள் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது, கரண்டி மட்டும் தானாக ஆடுவதுபோல் இருக்கும். ரொட்டி போடுகிறவர் ஒருநாள், "இந்தக் குச்சியைப் பார்த்து வெச்சுக்கோங்கப்பா, யாராவது விறகுன்னு நினைச்சு அடுப்புல சொருகிடப் போறாங்க" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, புருஷன் போய்ச் சேர்ந்து, மகளைக் கட்டிக்கொடுத்து, அவள் தலைமைச் சமையல்காரி ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சின்னப் பெண்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக் குச்சியக்கா என்றார்கள். அவளுக்குக் கிடைத்த பதவி உயர்வு அவ்வளவுதான்.

அந்தக் குச்சிக்குத்தான் நாற்பதைத் தாண்டிய வயதில் உடம்பு பெருக்க ஆரம்பித்தது.

முதலில் காட்டிக்கொடுத்தது ஏப்ரன் கயிறு. முன்பெல்லாம் இடுப்பைச் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாலும் மிஞ்சித் தொங்கும். ஒரு மழைக்காலத்தில் அது முதுகுப் பக்கமே நின்றுவிட்டது. துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்று நினைத்தாள். கயிறு சுருங்கலாம், சரி. செருப்பும் மோதிரமும் எப்படிச் சுருங்கும்? சோப்புப் போட்டு மோதிரத்தை உருவி எடுத்து டப்பாவில் வைத்த அன்றுதான் அவள் கண்ணாடியில் தன்னை முழுசாகப் பார்த்தாள். முகம் யாரோ ஊதிவிட்டதுபோல் இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். சீப்பில் ஒரு கொத்து முடி.

மற்றவர்கள் பெருத்தால், கொஞ்சம் உடம்பு போட்டிருக்கு என்பார்கள். சமையல்காரி பெருத்தால் அது வேறு கணக்கு. கல்லாவில் உட்காருகிறவன் புது வண்டி வாங்கினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்து யாரும் திருடி என்று சொல்லவில்லை. அந்த மட்டும் நல்லவர்கள். "குச்சி, இன்னைக்குச் சாப்பாடு எங்களுக்கும் மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். அவளும் கூடவே சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் உண்மை என்று ஆகிவிடும் அல்லவா?

உண்மையோ, அவள் சாப்பாட்டைக் குறைத்து மாசக்கணக்காக ஆகியிருந்தது. முதலில் சாயங்காலச் சிற்றுண்டியை நிறுத்தினாள். பிறகு இரவுச் சோறு போய் ஒரு துண்டு ரொட்டி வந்தது. பிறகு அந்த ரொட்டியும் பாதியானது. சர்க்கரை இல்லாத தேநீர், வெள்ளரிக்காய், வெந்நீர் என்று யார் எதைச் சொன்னாலும் செய்தாள். உடம்பு அதற்கெல்லாம் மசியவில்லை. வரவே இல்லாத வீட்டில் சேமிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இதில் இன்னொரு கூத்து, குளிர். அடுப்புக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற சமையல்காரியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் காய் நறுக்குகிறவர்களுக்கு வியர்த்து வழியும். அவளுக்கு விரல் நுனி சில்லிட்டிருக்கும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கே தன்னோடு தான் சண்டை போட வேண்டியிருந்தது. குரல் கரகரத்துப்போனது. தொலைபேசியில் மகள்கூட ஒருமுறை, "யாரு பேசறது?" என்று கேட்டுவிட்டாள். எல்லாம் வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டாள். வயசின்மேல் எதைப் போட்டாலும் அது எதிர்த்துப் பேசாது.

மகள் தூரத்து நகரத்தில் இருந்தாள். வாரம் ஒருமுறை பேசுவாள். பாசமான பெண்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாசம் அன்றைக்கெல்லாம் ஒரே கேள்வியாகத்தான் வந்தது.

"அம்மா, நிஜமா சொல்லு. ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"பாதி ரொட்டி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லடி."

"அம்மா..." என்று இழுப்பாள். அந்த இழுப்பில் எல்லாம் இருந்தது. "நான் உன்னைத் திட்டவா போறேன்? தெரிஞ்சாதானே ஏதாவது பண்ண முடியும்."

பெற்ற மகளிடம் பாதி ரொட்டிக்குச் சத்தியம் செய்ய வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. குச்சி சத்தியமும் செய்தாள். பிறகு மகள் வெயில் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

தெருமுனை டாக்டரிடமும் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார். சமையல் என்றாள். "அப்ப சொல்லவே வேண்டாம். வாயைக் கட்டணும்மா. நல்லா நடங்க" என்றார். அவளுக்கு முன்னால் இருமலோடு வந்த ஆளுக்கு முதுகைத் தட்டிப் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார். இவளை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே முடித்துவிட்டார். சமையல் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அவள் நடந்தே வீட்டுக்கு வந்து, வந்த களைப்பில் ஸ்வெட்டரோடு தூங்கிப்போனாள்.

ஆக, இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது மெலிந்த உடம்புகூட இல்லை. நீ தின்னவில்லை என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும். ஒரே ஒருத்தர்.

அப்படி ஒருத்தி இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், அவளைவிடச் சின்னவள், வாயாடி. ஒரே கட்டடத்தில் குச்சி மாடி, அவள் கீழ்வீடு. இருவரும் சேர்ந்தே வேலைக்கு வருவார்கள், சேர்ந்தே திரும்புவார்கள். பரிமாறி முடிந்ததும் பண்டக அறைக்குப் பின்னால் எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எதிரெதிரே சாப்பிடுவார்கள். குச்சியின் தட்டில் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்பது தினம் அவள் கண் முன்னால் நடந்தது. "இதென்னக்கா, குருவிக்கு வெச்சதா?" என்று அவளே கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துக் குச்சி பல நாள் ஆறுதல் பட்டிருக்கிறாள்.

இனி அந்தச் சமையலறையின் ஒரு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். சமைக்கிற இடத்துக்கும் பரிமாறுகிற இடத்துக்கும் நடுவே ஒரு தகரக் கதவு, சுருட்டி மேலே ஏற்றுகிற வகை. மதியச் சங்கு ஊதியதும் அதற்கு வெளியே தட்டோடு வரிசை நின்றுவிடும். உள்ளே தலைமைச் சமையல்காரி ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, சரி என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எல்லா அண்டாவுக்கும் சரி விழுந்த பிறகுதான் சூப்பர்வைசர் கதவை ஏற்றுவார். வெளியே மேனேஜரே தட்டோடு நின்றாலும் அவள் நாக்கு உத்தரவு கொடுக்காமல் கதவு ஏறாது. வாழ்க்கையில் குச்சிக்கு வாய்த்த ஒரே அதிகாரம் அது. அவள் அதை ரசித்துத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ரொட்டிக்காரர் விட்டாரா? "சரி சொல்ற சாக்குல பாதி அண்டா காலி" என்று ஒருநாள் எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து குச்சி ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். உள்ளங்கையை வாய்வரைக்கும் கொண்டுபோவாள், உதட்டில் படாமல் ஏப்ரனில் துடைத்துவிட்டுச் சரி என்பாள். வாசனையும் நிறமும் கொதிக்கிற சத்தமும் போதும் என்று கைப்பழக்கத்தை நம்பினாள். வாரக்கணக்கில் ஒரு பிசகும் வரவில்லை. இத்தனை பேருக்குச் சமைத்துப்போட்டு, ஒரு சொட்டு நாக்கில் படாமல் வீடு திரும்புகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமைகூட இருந்தது. பாவம், அதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

அப்படியும் உடம்பு ஏறியது.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. வழக்கம்போல ரொட்டிக்காரர்தான் விதை போட்டார். "குச்சி, பகல்ல தின்னலைங்கற, சரி. ஒருவேளை தூக்கத்துல எழுந்து திங்கறியோ என்னவோ!" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இருக்குமோ? உள்ளே ஒன்றும் போகாமல் உடம்பு எப்படி வளரும்? ஆகாயத்திலிருந்தா வரும்? எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். டாக்டர் சொல்கிறார், பெற்ற மகள் சொல்கிறாள். இத்தனை பேர் பொய் சொல்ல என்ன அவசியம்? தனியாக இருக்கிற வீட்டில் அவள் தூங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளிக்கும் முன் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்ப்பாள். ஏதாவது ருசி தட்டுகிறதா? ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக் கனம் பார்ப்பாள்.

அப்புறம் அலமாரிக் கைப்பிடியில் வெள்ளை நூலைச் சுற்றிக் கட்டிவிட்டுப் படுத்தாள். காலையில் நூல் கட்டியபடி இருந்தது. நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. தூக்கத்தில் எழுந்து தின்கிறவளுக்குத் தூக்கத்திலேயே நூலைத் திருப்பிக் கட்டத் தெரியாதா என்ன? சந்தேகம் வந்துவிட்டால் மனசு இப்படித்தான் வக்கீல் வேலை பார்க்கும். அதுவும் எதிர்க்கட்சி வக்கீல்.

கடைசியில் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

"இந்தச் சாவியைக் கொஞ்சம் வெச்சுக்கோ. காலைல வாங்கிக்கறேன்."

பாத்திரக்காரி சாவியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "எதோட சாவிக்கா?"

"சாப்பாட்டு அலமாரி."

"ராத்திரி பசிச்சா என்ன பண்ணுவ?"

"அதுக்குத்தான் குடுக்கறேன். எனக்கே தெரியாம எழுந்து... எதுக்கும் இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

பாத்திரக்காரி சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த ஒரு மாதிரியான இரக்கத்தைக் குச்சி கவனித்தாள். நட்பு என்று எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு தினம் சாயங்காலம் சாவி கீழே இறங்கும், காலையில் மேலே ஏறும். பூட்டிய அலமாரிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு குச்சி நன்றாகத்தான் தூங்கினாள். உடம்பு மட்டும் பூட்டை மதிக்கவில்லை.

உப்பு விஷயம் நடந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. அன்று பருப்பு அண்டாவுக்கு உப்புப் போட்டாள். யாரோ வந்து வெங்காயம் பற்றி ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னாள். திரும்பினால் உப்பு டப்பா திறந்து கிடக்கிறது. போட்டாயிற்றா, இனிமேல்தானா? அந்த நாட்களில் அவள் மூளைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. வைத்த பொருள் மறந்துபோகும், எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோகும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். எந்தச் சமையல்காரியும் அதைத்தான் செய்வாள், நேற்று வேலைக்கு வந்தவள்கூட. குச்சி செய்யவில்லை. இத்தனை நாள் காத்த விரதத்தை ஒரு சொட்டுப் பருப்புக்காக விடுவதா என்ற வீம்பு. முகர்ந்து பார்த்தாள். உப்புக்கு வாசனை கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். கை நிறைய அள்ளிப் போட்டாள்.

உள்ளங்கையை வாயருகே கொண்டுபோனாள். "சரி."

கதவு ஏறியது.

முதலில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடி உருக்குகிற உலைப் பக்கத்து ஆட்கள். அவர்களில் ஒருவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டிலேயே துப்பினான். அடுத்தவன் தண்ணீரைத் தேடினான். அப்புறம் தட்டுகளைத் தட்டுகிற சத்தம், கூச்சல். சூப்பர்வைசர் ஓடிவந்து அண்டாவில் கரண்டியை விட்டுத் தானே ருசி பார்த்தார். முகம் கோணிப்போனது. அவர் கெட்டவர் அல்ல, ஆனால் அன்று அவருக்கும் மேலே நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ருசி பார்த்தியா, இல்லையா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு மரத்துப்போச்சு, ஜலதோஷம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், அதோடு போயிருக்கும். அவளுக்கு என்னவோ உண்மையைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் மூடி வைத்திருந்த பெருமையும் அதில் இருந்திருக்கலாம்.

"பார்க்கல சார்."

"என்ன பார்க்கல? சரின்னு சொன்னியே!"

"சொன்னேன். ஆனா வாயில வைக்கல. ரொம்ப நாளாவே வைக்கறதில்ல சார். உடம்பு ஏறுதுன்னு விட்டுட்டேன்."

முதலில் ரொட்டிக்காரர்தான் ஆரம்பித்தார். "யாரு, நீயா? நீ வாயில வைக்கறதில்லையா?" அவ்வளவுதான், சமையலறை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. கோபமாக இருந்த சூப்பர்வைசருக்கே உதடு துடித்தது. கூட்டத்தில் காய் நறுக்குகிற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் நல்ல மனசுக்காரி.

"விடுங்கப்பா, பாவம். அதுக்கே தெரியாம நடக்குது. ராத்திரி தூக்கத்துல எழுந்து திங்குதாம். அலமாரிச் சாவியைக் கீழ்வீட்ல குடுத்துட்டுத்தான் படுக்குதாம்."

சிரிப்பு அடங்கியது. அதற்குச் சிரிப்பே தேவலை. எல்லோர் முகத்திலும் அதே இரக்கம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களிடம் காட்டுகிற மாதிரி. குச்சி திரும்பித் தொட்டிப் பக்கம் பார்த்தாள். பாத்திரக்காரி ஏற்கெனவே கழுவிய ஒரு தட்டை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

நெஞ்சு வெடித்துவிடும் என்பார்கள். வெடிக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சூப்பர்வைசர் சொன்னபடி காய் நறுக்கும் மேசையில் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாளிலிருந்து வேறொருத்தி ருசி பார்த்துச் சரி சொன்னாள். குச்சி வேலைக்குத் தனியாக வந்தாள், தனியாகத் திரும்பினாள். சாவியைக் கீழே கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். பாத்திரக்காரி எதிரே வந்தால் இருவருமே வேறெதையோ தேடுவதுபோல் கடந்துபோனார்கள். மதியம் எண்ணெய் டின்னில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள், சாப்பிட என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் இடமும் தேவைப்படவில்லை. மகள் அழைத்தபோது எல்லாம் சௌகரியம் என்றாள். வீட்டில் மின்விசிறி போடாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாயங்காலங்களைத் தள்ளினாள். தனிமை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதற்கு முன் தனியாக இருந்தபோது அவளோடு அவளாவது இருந்தாள். இப்போது அந்த ஆளையும் சந்தேகப்பட்டு ஒதுக்கி வைத்திருந்தாள்.

சமையலறையில் கை வைக்கிறவர்களுக்கு வருஷம் ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. தொற்று வியாதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் வந்தது ஒரு டாக்டரம்மா. தொண்டையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னவர், குச்சியின் கையைப் பிடித்தார், விடவில்லை. "இவ்வளவு சில்லுனு இருக்கே. எப்பவுமே இப்படியா?" என்றார்.

"ஆமாங்க."

"குரல் முன்னாடியும் இப்படித்தானா? முடி கொட்டுதா? எந்நேரமும் தூக்கம் வருதா?"

குச்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி என்ன சாப்பிடுவீங்க? அதற்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா அதைக் கேட்கவில்லை. எழுந்து வந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்து, எச்சிலை விழுங்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். கூடுதலாக ஒரு குப்பி ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"கழுத்துல முன்பக்கம் தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்றது அதுதான். உங்களுக்கு அது படுத்துடுச்சு. தானா படுக்கல. நோய்க்கிருமி வந்தா அடிச்சு விரட்டுறதுக்கு நம்ம உடம்புக்குள்ளயே காவல்காரங்க இருக்காங்க. அவங்க உங்க சுரப்பியவே திருடன்னு நினைச்சு அடிச்சிக்கிட்டிருக்காங்க."

வெளியே இருப்பவர்கள்தான் திருடி என்கிறார்கள் என்று பார்த்தால், உள்ளே இருப்பவர்களும் அந்தக் கட்சிதானா? அந்த நிலையிலும் அவளுக்கு இப்படித்தான் தோன்றியது.

"இது எதனால வருதுங்க? நான் ஏதாவது..."

"நீங்க ஒண்ணும் பண்ணல. சிலருக்கு வரும், பொம்பளைங்களுக்குக் கூடுதலா வரும். தினம் காலைல வெறும் வயித்துல மாத்திரை போடணும். அனேகமா காலம் பூரா. அளவு சரியாகுதான்னு அப்பப்ப ரத்தம் பார்க்கணும். உடம்பு ஊறிப்போய் ஏறின எடை கொஞ்சம் இறங்கும். எல்லாமே போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். முக்கியமா, பட்டினி கிடக்காதீங்க. அதனால இது குறையாது."

குச்சி எழுந்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் நாற்காலியை விடவில்லை.

"டாக்டரம்மா, அப்ப நான் தூக்கத்துல எழுந்து திங்கலையா?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. குச்சி சொன்னாள். நூலைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள், சாவியைச் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்லம்மா. நீங்க திங்கல."

ஒரு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. முன்பின் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து, மருந்து நாற்றம் அடிக்கிற அறையில் வந்தது. குச்சி ஸ்வெட்டர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அழுது முடித்து வெளியே வந்தவளுக்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ரத்தத்திலேயே அத்தாட்சி இருக்கிறது, இனி யார் என்ன சொல்ல முடியும்? நேரே சூப்பர்வைசரிடம் போனாள். "ஓ, தைராய்டா? என் மச்சினிக்கும் இருக்கு. மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றார். போன மாசம் நடந்த எதையும் அவர் நினைவு வைத்திருந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் தேறியதும் திரும்ப அடுப்புக்கு வரலாம் என்றார். ரொட்டிக்காரர், "நான்தான் அப்பவே சொன்னேனே, உடம்பைப் பார்த்துக்கோன்னு" என்றார். எப்போது சொன்னார்? மகள் தொலைபேசியில் அழுதாள். அழுதுவிட்டு, "நல்ல டாக்டரா பாருன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்மா" என்றாள். குச்சி ஆமாம் என்றாள். எல்லோரும் அப்போதே சொல்லியிருந்தார்கள். கேட்காதவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. உன்னைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வேண்டுமென்றே அல்ல. அப்படி ஒன்றை நினைத்தது அவர்களுக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு ஒரு வருஷத்து உயிர், அவர்களுக்கு ஒரு மதியத்துச் சிரிப்பு.

மாத்திரை போட ஆரம்பித்துச் சில வாரங்களில் விரல் நுனிக்குச் சூடு திரும்பியது. முகத்து வீக்கம் கொஞ்சம் வற்றியது. இடுப்பு மட்டும் இருந்தபடி இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பாத்திரக்காரி மாடியேறி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று குச்சி சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் நிலைப்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"கேள்விப்பட்டேன்க்கா. தைராய்டாமே."

"ம்."

"எனக்கு அப்பவே தோணுச்சு, இது ஏதோ வியாதிதான்னு."

இவளுமா? குச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது. "தோணிச்சுன்னா அன்னைக்கு ஏன்டி வாயைத் திறக்கல? ஊர் பூரா சிரிக்குது. என் தட்டைத் தினமும் பார்த்தவ நீ ஒருத்திதானே? இவ திங்கலப்பான்னு ஒரு வார்த்தை. உனக்கு அது வரலையா?"

பாத்திரக்காரி தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"பொய் சொல்லிட்டேன்க்கா. எனக்கு ஒண்ணும் தோணல" என்றாள். "சாவி விஷயத்தை அந்தக் காய் நறுக்கறவகிட்ட சொன்னது என் தப்புதான். பாவமேன்னுதான் சொன்னேன், பரப்பணும்னு சொல்லல. உன் தட்டைப் பார்த்தேன், இல்லைங்கல. நீ திங்கலைன்னு என் கண்ணு சொல்லிச்சு. ஆரம்பத்துல எவளாவது பேசினா நான் சண்டைக்குக்கூடப் போயிருக்கேன், உனக்குத் தெரியாது. ஆனா நீயே சாவியைக் கொண்டுவந்து என் கையில குடுத்தியேக்கா. உன்னையே நீ நம்பல. நான் எப்படி நம்புவேன்?"

குச்சி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கோவமாக்கா?" என்று கேட்டாள் பாத்திரக்காரி.

"இல்ல. நீ போ. நாளைக்குப் பார்ப்போம்."

உண்மையில் அவள்மேல் கோபம் இல்லை. மகள்மேல் இல்லை, தெருமுனை டாக்டர்மேல் இல்லை, ரொட்டிக்காரர்மேல்கூட இல்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தால் மிச்சம் நின்றது ஒருத்திதான். எல்லோரும் சந்தேகப்பட்டபோது கூட நின்றிருக்க வேண்டியவள். காவலுக்குப் பூட்டு வாங்கி வந்தவள்.

குச்சி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு ஆளுக்குச் சோறு வைத்தாள், பருப்பு வைத்தாள். தட்டில் நிறையப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தைக் கையில் எடுத்தவளுக்கு அதை வாய்க்குக் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் கை நடுவழியில் நின்றது.

"நீ திங்கலடி" என்றாள், கரகரத்த குரலில், சத்தமாகவே. "நீ சொன்னது எல்லாம் உண்மைதான். நான்தான் நம்பல. சாப்பிடு."

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.